அலமாரி சரிந்த ஓசை

சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில் குடியேறிய முதல் ஆண்டில், அலுவலகத்தின் உணவு மேசையில் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் நான் சிரிக்கத் தொடங்குவேன். ஊரில் படித்த ஆங்கிலம் வங்கிக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் போதுமானதாக இருந்தது; நகைச்சுவைக்குப் போதவில்லை.

அந்தக் குறையைப் போக்கியது எங்கள் பழைய காரின் வானொலி. சனிக்கிழமைப் பிற்பகல்களில் டூபேஜ் கல்லூரியின் 90.9 பண்பலையில், 1930களிலும் 40களிலும் வந்த நிகழ்ச்சிகளை மறுஒலிபரப்புச் செய்வார்கள். துணி துவைக்கும் கடைக்கு வெளியே, இயந்திரம் ஓய்வதுவரை காரிலேயே அமர்ந்து கேட்பேன். கண்ணுக்கு எதுவும் காட்ட முடியாத நாடகங்கள் என்பதால், உள்ளே வருபவரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். கதவு திறப்பதும் காலடியும் துல்லியமாகக் கேட்கும். அரங்கில் இருப்பவர்களின் சிரிப்பு அடங்குவதற்காக நடிகர்கள் சற்றே காத்திருப்பார்கள். ஒரு நொடி பிந்திப் புரிந்துகொள்பவனுக்கு அந்த இடைவெளி பேருதவியாக இருந்தது.

இடைவெளியையே நகைச்சுவையாக்கியவர் ஜாக் பென்னி. இதே இல்லினாய் மாநிலத்தின் வாகீகனில் வளர்ந்து, 1932இல் வானொலிக்கு வந்த அவர், நிகழ்ச்சியில் கடைந்தெடுத்த கஞ்சன்; எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் வயது 39தான். 1948 மார்ச்சில் ஒலிபரப்பான ஒரு காட்சியில், பணமா உயிரா என்று வழிப்பறிக்காரன் கேட்கிறான். பதில் இல்லை. கூட்டம் சிரிக்கத் தொடங்குகிறது. அவன் மறுபடியும் அதட்டும்போது, யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று பென்னி சீறுகிறார். அந்த மௌனத்துக்குப் பின்னால் 16 ஆண்டுக் கஞ்சத்தனம் இருக்கிறது என்பது, பல வாரங்கள் தொடர்ந்து கேட்ட பிறகே எனக்கு விளங்கியது. அவருடைய வேலையாளாக வரும் ராசெஸ்டர், முதலாளியின் பெருமையை ஒரே வாக்கியத்தில் சாய்த்துவிடுவார். நடித்தவர் எடி ஆண்டர்சன் என்ற கறுப்பினக் கலைஞர். வெள்ளையர் இருவர் கறுப்பினத்தவராகக் குரல் மாற்றிப் பேசிய ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’ என்ற நிகழ்ச்சி பெரும்புகழ் பெற்றிருந்தாலும், அதை என்னால் ரசிக்க முடியவில்லை.

எனக்கு மிகவும் நெருக்கமானது, பியோரியாவைச் சேர்ந்த ஜிம் ஜோர்டன், மரியன் ஜோர்டன் தம்பதி 1935இல் தொடங்கிய ‘ஃபிபர் மெகீ அண்ட் மாலி’ என்ற நிகழ்ச்சி. மனைவி தடுத்தும் கேளாமல் மெகீ அலமாரிக் கதவைத் திறப்பார். உள்ளே திணித்திருந்தவையெல்லாம் தடதடவென்று சரிந்து, நிசப்தத்துக்குப் பின் கடைசியாக ஒரு சிறுமணி கிணுங்கும். இதற்கு ஆங்கிலமே தேவையில்லை.

வீடு மாறிய அன்று, பெட்டி தூக்க உதவிய பக்கத்து வீட்டு முதியவர் எங்கள் சமையலறை அலமாரியைத் திறந்தார். இட்லித் தட்டுகளும் எவர்சில்வர் டப்பாக்களும் அவர் காலடியில் கொட்டின. குக்கர் வெயிட் மட்டும் தனியே உருண்டுபோய்ச் சுவரில் முட்டிக் கிணுங்கியது. அவர் “மெகீ” என்றார். இந்த முறை நான் அவருக்கு முன்பே சிரித்துவிட்டிருந்தேன்.