வீட்டிலேயே மாதிரி எடுத்த நாட்கள்

மார்ச் 4
பால்வினை நோய் கிளினிக்கில் அடுத்த மாதம்தான் நேரம் கிடைக்குமாம். எனக்கோ இவருக்கோ எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே காட்டாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாயைப் பாதித்து, குழந்தை உண்டாவதையே கடினமாக்கலாம். காத்திருக்க மனம் வரவில்லை. மாதிரியை நாமே எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் கிட் இரண்டு ஆர்டர் செய்துவிட்டேன்.

மார்ச் 9
கிட் வந்தது. உறைமேல் எதுவும் எழுதவில்லை, நிம்மதி. பஞ்சுக்குச்சியைப் பிறப்புறுப்பினுள் சுமார் 5 செ.மீ. விட்டு மெதுவாகச் சுழற்றி, குழாயில் போட்டு, கோடு இருக்கும் இடத்தில் ஒடித்து மூடினேன். வலியே இல்லை. நாமே எடுத்தாலும் நர்ஸ் எடுப்பதற்கு ஈடான துல்லியம் கிடைக்கும். சிபிலிஸ், எச்ஐவி சோதனைக்கான விரல் ரத்தம்தான் படுத்திவிட்டது. வெந்நீரில் கையை வைத்து, தொங்கவிட்டு, அப்புறம்தான் சொட்டு சேர்ந்தது.

இவருக்குச் சிறுநீர் சோதனை. "நடுவில் வருவதைத்தானே பிடிக்கச் சொல்வாங்க?" என்றார். இதற்கு அப்படியில்லை: ஒரு மணி நேரமாவது போகாமல் இருந்து, முதலில் வருவதைப் பிடிக்க வேண்டும். கிருமி இருந்தால் அதில்தான் அதிகம் வரும்.

மார்ச் 10
தபாலில் போட்டாயிற்று. ஒன்று உறுத்துகிறது. வாய்வழி, ஆசனவழி உறவு இருந்தவர்களுக்குச் சிறுநீர் மட்டும் போதாது. தொண்டையில் இருக்கும் கொனோரியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்று அதில் தெரியாது, அங்கிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். இதைக் கிட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக அச்சிட வேண்டாமா?

மார்ச் 17
இருவருக்கும் கிளமிடியா பாசிட்டிவ். கொனோரியா, சிபிலிஸ், எச்ஐவி இல்லை. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. யாரிடமிருந்து யாருக்கு, எப்போது வந்தது என்று இந்தச் சோதனை சொல்லாது. அதைத் தோண்டுவதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம்.

மார்ச் 18
போனில் டாக்டர் பேசினார். முதல் கேள்வியே, "கர்ப்பமா இருக்க வாய்ப்பிருக்காம்மா?" இருந்தால் டாக்ஸிசைக்ளின் தரமாட்டார்களாம், வேறு மருந்தாம். இல்லை என்றதும் இருவருக்கும் 100 மி.கி., தினம் இரு வேளை, 7 நாள். முடியும்வரை உறவு கூடாது. இந்த அழைப்பு இல்லாமல் முடிவை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பும் கிட்டை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மார்ச் 26
மாத்திரை முடிந்தது. உடனே மறுபடி சோதித்துப் பார்க்கலாமா என்றார் இவர். நான்கு வாரத்துக்குள் பார்த்தால் செத்த கிருமியின் மிச்சமே பாசிட்டிவ் காட்டிவிடலாம். திரும்பத் தொற்றுவதும் சகஜம் என்பதால் மூன்று மாதம் கழித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஜூன் கடைசிக்கு இரண்டு கிட் குறித்து வைத்திருக்கிறேன்.