மலைப்புல் விதைத்த கதை: முதல் தட்டு போச்சு

"புல்லுக்குப் போய் யாராவது விதை போடுவாங்களா தம்பி? நான் ஆயுசு முழுக்க அதைப் பிடுங்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் பக்கத்துப் பூண்டுத் தோட்டத்துப் பெரியவர். கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையில் அவர் கேட்பது நியாயம்தான். நான் தேடியது வேறு புல். சோலைக்காட்டுக்கு வெளியே மேட்டில் குத்துக்குத்தாக நின்று, காய்ந்தால் செம்பழுப்பாக மாறுமே, அந்தத் தெமீடா ட்ரையாண்ட்ரா. ஆஸ்திரேலியாவில் கங்காருப் புல் என்பார்கள். சீகை (வாட்டில்) மரமும் பைன் மரமும் மூடியது போக மிஞ்சிய புல்வெளிகளில் இன்னும் இருக்கிறது.

காட்டு இலாகா இடத்தில் கை வைக்கவில்லை. நண்பரின் பட்டா நிலத்து வரப்பில் டிசம்பரில் ஒரு பை உருவி வந்தேன். பிரித்தால் முக்கால்வாசி பதர். கதிரின் ஒவ்வொரு சிறு கொத்திலும் நடுவில் இருப்பதுதான் விதை பிடிக்கும், சுற்றி இருப்பதெல்லாம் வெறும் சக்கை. நகத்தால் அழுத்தினால் கெட்டியாக, கரும்பழுப்பாக இருக்க வேண்டும். அதன் முனையில் முறுக்கிய நீள வால். ஈர உள்ளங்கையில் ஒன்றை வைத்தேன். முறுக்கு பிரியப் பிரிய, மடங்கியிருந்த வால் கடிகார முள் போல மெல்லச் சுற்றியது. காய்ந்ததும் மறுபடி முறுக்கிக்கொண்டது. இப்படித் திருகித் திருகித்தான் விதை மண்ணுக்குள் இறங்குகிறது. அன்று மாலை வேறு வேலை ஓடவில்லை.

ஜனவரியில் குழித்தட்டில் 40 விதை. மூன்றாவது வாரம் பச்சை தெரிந்தது. இரண்டு மாதம் தண்ணீர் தெளித்துக் கொஞ்சி வளர்த்தபின் அது கொடி ஓட ஆரம்பித்தது. கிக்குயு, படர்ந்து ஓடும் வேறொரு புல்! தோட்டத்து மண்ணோடு வந்த வேர்த்துண்டு. தெமீடா கொடி ஓடாது, அடி தட்டையாகக் குத்தாக வரும். பெரியவரிடம் மூச்சு விடவில்லை.

புது விதை உறங்கும், பல மாதம் உலர்வாக வைத்திருந்தால்தான் முளைக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மிச்சத்தைத் துணியில் முடிந்து அடுப்புக்கு மேல் பரணில் போட்டேன். ஆகஸ்டில் வறுத்த மண்ணும் மணலும் கலந்து மறுபடி 40. புகை இதன் முளைப்பைத் தூண்டும் என்பதால், பாதியை மட்டும் புகை பிடித்த தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்தேன். ஊறியதில் 11, ஊறாததில் 6 முளைத்தன. "பரண்ல கிடந்தது எல்லாமே புகை குடிச்சதுதானே?" என்றாள் மனைவி. சரி, சோதனை அம்பேல்.

பைகளுக்கு மாற்றியதில் 14 நிற்கின்றன. இப்போது உறைபனிக் காலம், ராத்திரி சாக்கு போர்த்துகிறேன். நேற்று பெரியவர் குனிந்து ஒரு குத்தைத் தடவிப் பார்த்தார்.

"மாடு திங்குமா?"

"இளசா இருந்தா நல்லாத் திங்கும்."

"அப்ப வேலியை ஒழுங்காக் கட்டு. எங்க வீட்டு மாடு இந்தப் பக்கம்தான் வரும்."