மாத்திரை இல்லாத ஏழு நாளும் இடுப்பில் கருவியோடு நான்கு நாளும்

மார்த்தாண்டத்துக்கு அருகே பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். தொண்டைக் கரகரப்புக்கும் எதுக்களிப்புக்கும் ஆறு ஆண்டுகளாகக் காலையில் பான்டோப்ரசோல் என்ற, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. எண்டோஸ்கோப்பியில் புண்ணும் தெரியவில்லை. அமிலம்தான் காரணமா என்று அளந்தே பார்த்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னதால், திருவனந்தபுரத்தில் கம்பியில்லா பி.எச். பரிசோதனைக்கு, அதாவது உணவுக்குழாயில் அமிலம் எவ்வளவு ஏறுகிறது என்று சில நாள் அளந்து பார்க்கும் சோதனைக்கு, நாள் குறித்தோம்.

முதல் முறை போனது வீணாயிற்று. மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை; முந்தின நாள் வரை சாப்பிட்டதாகச் சொன்னதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடுப்பு எடுத்து, விடியுமுன் பேருந்து ஏறி, பட்டினியாகப் போய் நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆகவே நாள் குறிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் போன்றவற்றைப் பொதுவாக 7 நாள் முன்பும், அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு வகையான ஃபாமோடிடின் போன்றவற்றை இரண்டு மூன்று நாள் முன்பும், ஜெலூசில் போன்ற அமில முறிப்பு மருந்துகளை முந்தின நாளும் நிறுத்தச் சொல்வார்கள். சிலருக்கு மாத்திரையோடே சோதிப்பதும் உண்டு என்பதால் மருத்துவர் சொல்வதே முடிவு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் அதை முன்பே தெரிவித்துவிட வேண்டும்.

அந்த ஏழு நாளும் எளிதாகக் கழியவில்லை. மூன்றாம் இரவு நெஞ்செரிச்சலில் எழுந்து உட்கார்ந்தே விடிய வைத்தேன்.

பரிசோதனை நாளில் மயக்க மருந்து கொடுத்து, உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துக்கு 6 சென்டிமீட்டர் மேலே ஒரு சிறு கேப்சூலைப் பொருத்தினார்கள். சுவரை உள்ளிழுத்துச் சின்ன ஊசியால் பிடித்துக்கொள்ளுமாம்; எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்கு வழியே குழாய் எதுவும் இல்லாததால் மூன்றாம் நாளே வகுப்புக்குப் போனேன். அளவுகளை வாங்கிப் பதியும் கருவி இடுப்பில் இருக்கும். மூன்றடிக்கு மேல் விலகக் கூடாது. நனையவும் கூடாதென்பதால், குளிக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒரு முக்காலியில் வைத்தேன்.

அம்மா நான்கு நாளும் கஞ்சியும் பயறும் கொடுப்பதாக இருந்தார். வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும், பத்தியம் இருந்தால் அன்றாட நிலை பதிவாகாது என்று செவிலியர் அழுத்திச் சொல்லியிருந்தார். அதனால் இரண்டாம் நாள் மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் குழம்பும்தான். கிழங்கு இறங்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ தடுப்பதுபோல் இருந்தது. வெந்நீர் குடித்ததும் போயிற்று. சாப்பாடு, படுக்கை, எரிச்சல் ஒவ்வொன்றுக்கும் கருவியில் பொத்தானை அழுத்தி, நோட்டிலும் நேரத்தோடு எழுதினேன். "2.10 சாப்பாடு, 3.25 தொண்டைச் செருமல்" என்பதுபோல் பக்கங்கள் நிறைந்தன. இந்த நோட்டை அலட்சியம் செய்யாதீர்கள். எரிச்சலும் அமிலமும் ஒரே நேரத்தில் வந்தனவா என்று இதை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

96 மணி நேரம் முடிந்து கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். கேப்சூல் தானே கழன்று மலத்தோடு போய்விடும்; எனக்கு எப்போது போனதென்றே தெரியாது. ஆனால் 30 நாளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாதென்பதால், நாகர்கோவிலில் என் தோளுக்குக் குறித்திருந்த ஸ்கேனைத் தள்ளிவைத்தேன்.

பி.எச். அளவு குறையக் குறைய அமிலம் அதிகம் என்று பொருள். அது 4-க்குக் கீழே இருந்த நேரம் மொத்த நேரத்தில் 6 விழுக்காட்டைத் தாண்டினால் அமில நோய் உறுதி. எனக்கு நான்கு நாளும் 4 விழுக்காட்டுக்குக் கீழேதான், அதாவது இயல்பான அளவுதான். செருமல் வந்த நேரங்களிலும் அமிலம் ஏறவில்லை. மருத்துவர் சீட்டிலிருந்து பான்டோப்ரசோலை அடித்துவிட்டு, குரல் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார்.