ஹூக்ளியைச் சுற்றி ஒரு வாரக் கடைசி

கொல்கத்தாவைப் பார்க்க ஒரு வாரக் கடைசி போதுமா என்றால், போதாது. ஆனால் வெள்ளி சாயங்காலம் சென்னையில் விமானம் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம், ஞாயிறு இரவு திரும்பிவிடலாம் என்கிறபோது அதற்கு மேல் லீவு கேட்க எனக்கு வாய் வரவில்லை. பொங்கல் முடிந்த கையோடு கிளம்பினோம். கூட வந்தவர் சித்தி. விக்டோரியா நினைவகம், அருங்காட்சியகம், பார்க் தெரு, காளிகாட் என்று நான் போட்டு வைத்திருந்த பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தவர், "இப்படி ஓடி ஓடிப் பார்க்க என்னால ஆகாதுடி. எனக்கு கங்கையில கால் நனைக்கணும், காளியைப் பார்க்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். பட்டியல் போயிற்று. நல்லதாகவே போயிற்று. அந்த ஊரில் ஹூக்ளி என்ற பெயரில் ஓடுவதும் கங்கையின் கிளைதான்; அந்த ஆற்றை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதி ஊர் தானாக நம் வழிக்கு வந்துவிடுகிறது.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போனோம். ஹவுரா பாலத்துக்கு அடியிலேயே, கொல்கத்தா பக்கக் கரையில் இருக்கிறது. ஜனவரிக் குளிர். மங்கி கேப் போடாத ஆண் தலையைத் தேடத்தான் வேண்டும். சாமந்தி மாலைகளைக் கட்டுக் கட்டாகத் தோளிலும் தலையிலும் போட்டுக்கொண்டு ஆட்கள் கத்திக்கொண்டே வருகிறார்கள், ஒதுங்காவிட்டால் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். காளிக்குச் செம்பருத்தி மாலை, தாமரை மொட்டு, வில்வம் எல்லாம் தரையில் பரப்பிக் கிடக்கிறது. சித்திக்கு மாலையை விட அதைக் கட்டியிருந்த விதத்தில்தான் கண். ஒன்றைக் கையில் எடுத்து இழை பிரித்துப் பார்த்தார். "ஊசியில கோத்திருக்காங்க. ஒரு முடிச்சு இல்லை பாரு, நூல் அறுந்தா அத்தனையும் கொட்டிடும்." பூ விற்ற பெண்மணிக்குத் தமிழ் தெரியாது, சித்திக்கு வங்காளம் தெரியாது. ஆனாலும் சித்தி நாலு சாமந்தியை எடுத்து, மாலையோடு கிடந்த நூலிலேயே நம்மூர் மாதிரி விரலில் சுற்றித் தொடுத்துக் காட்ட, அந்த அம்மா அதை இழுத்துப் பார்த்து, பக்கத்துக் கடைக்காரியிடமும் காட்டிச் சிரித்தார். மல்லிகைதான் முழக்கணக்கில் கிடைக்கவில்லை.

அங்கிருந்து படியேறினால் பாலம். ஹவுரா பாலத்தை டாக்சியில் கடப்பது வீண். நடக்க வேண்டும். ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல், இரு கரைக் கோபுரங்களுக்கு நடுவே 457 மீட்டர் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. நட்டு போல்ட்டு கிடையாது, முழுக்க ரிவெட் அடித்துச் சேர்த்தது. 26,500 டன் எஃகு, அதில் பெரும்பகுதி டாடா ஆலையில் உருவானது. 1943 பிப்ரவரியில் திறந்தபோது ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பயத்தில் விழா எதுவும் வைக்கவில்லையாம். இத்தனை கெட்டியான பாலத்துக்கு வந்த சத்துரு யார் தெரியுமா? வெற்றிலைப் பாக்கு. நடந்துபோகிறவர்கள் துப்பிய எச்சில் பட்டுப் பட்டு, மேலிருந்து தொங்கும் எஃகுத் தாங்கிகளின் அடிப்பாகம் அரித்துவிட்டது. 2011 வாக்கில் அதற்கு ஃபைபர் கண்ணாடி உறை போட்டார்கள். போகிறபோது குனிந்து பார்த்தேன். உறையின் மேலும் சிவப்புத்தான்.

பாலத்தின் அந்தப் பக்கம் ஹவுரா ரயில் நிலையம், அதன் எதிரிலேயே படகுத்துறை. சோபாபஜாருக்கு லாஞ்ச் ஏறினோம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலையில் பூச்சந்தைப் படித்துறையில் நின்றபோது ஆகாயத்தாமரைத் திட்டுகள் கடல் பக்கமாக, தெற்கே மிதந்துபோவதைப் பார்த்திருந்தேன். இப்போது அதே திட்டுகள் வடக்கே, எங்கள் லாஞ்சோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தன. ஆறு திரும்பி ஓடுகிறது! வங்காள விரிகுடாவின் ஏற்றம் கொல்கத்தாவையும் தாண்டி உள்ளே வருகிறது என்று படித்திருக்கிறேன்தான். ஆனால் ஒரு பச்சைத் திட்டு மேல் கொக்கு ஒன்று நின்றபடியே எதிர்த்திசையில் பயணம் போவதைப் பார்ப்பது வேறு. ராஜேந்திர சோழன் படை அனுப்பி எடுத்துவரச் செய்த தண்ணீரை, சித்தி துறையில் இறங்கியதும் காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சோபாபஜார் துறையிலிருந்து நடக்கிற தூரம்தான் குமார்துலி, சாமி சிலை செய்கிற குயவர்களின் சந்துகள். துர்கா பூஜைக்கு முன்னால் போனால் கூட்டம் தாங்காது. நாங்கள் போனது சரஸ்வதி பூஜைக்கு முந்தைய நேரம். ஒரு பட்டறையில் வரிசையாகத் தலையில்லாத சரஸ்வதிகள். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணலால் இறுக்கி உடம்பு கட்டி, அதன்மேல் களிமண் பூசியிருந்தார்கள். தலைகள் தனியாக அச்சில் வார்த்து ஒரு பலகையில் அடுக்கிக் காய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பழைய துணியைக் கீற்றாகக் கிழித்து, மண் குழம்பில் தோய்த்து, கழுத்தும் உடம்பும் சேர்கிற விரிசலில் ஒட்டி விரலால் நீவினார். ஒட்டிய இடமே தெரியவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றிருந்தோம். அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

மத்தியானம் கல்லூரித் தெரு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான புத்தகக் கடைகள் மூடியிருக்கும், அதனால் சனிக்கிழமையே முடித்துக்கொள்ளுங்கள். காபி ஹவுஸ் மாடியில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். சித்தி சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரும் எழுந்துக்கவே மாட்டாங்களா?" மாட்டார்கள். ஒரு காபிக்கு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசலாம், அந்த மாடியின் வழக்கம் அப்படி.

சாயங்காலம் மறுபடி ஆறு, இந்தமுறை அடியில். இந்தியாவின் முதல் மெட்ரோ 1984-ல் ஓடியது இந்த ஊரில்தான். ஆற்றுக்கு அடியில் போகிற முதல் மெட்ரோவும் இங்கேதான், 2024 மார்ச்சில் வந்தது. எஸ்பிளனேடில் ஏறினால் அடுத்தது மகாகரண், அதற்கடுத்தது ஹவுரா. இவை இரண்டுக்கும் நடுவில்தான் ஆறு. நீருக்கடியில் 520 மீட்டர், முக்கால் நிமிஷம். சுரங்கச் சுவரில் நீல விளக்கு வந்ததும் பெட்டியில் எல்லாரும் போனைத் தூக்கினார்கள், தினமும் போகிறவர்கள் போலத் தெரிந்தவர்கள் உட்பட. சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மேல கங்கை போறா இல்ல?" என்றார். எனக்கு உண்மையில் கொஞ்சம் ஏமாற்றம். தண்ணீரின் அடையாளமே இல்லாமல் ஆற்றைக் கடந்துவிட்டோம். ஹவுராவில் எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக ஏறி வெளியே வரும்போதுதான் எத்தனை ஆழத்தில் இருந்தோம் என்பது உறைத்தது. திரும்புவதற்கு நான் மெட்ரோ என்றேன், சித்தி லாஞ்ச் என்றார். லாஞ்சில்தான் வந்தோம், சில்லறைக் காசில் பாலத்தின் விளக்குகளும் சேர்ந்து கிடைத்தன.

ராத்திரி பிரியாணி. கொல்கத்தா பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு ஒன்று இருக்கும். லக்னோ நவாப் வாஜித் அலி ஷா ஆட்சி பறிபோய் 1856-ல் இங்கே வந்து குடியேறியபோது அவருடைய சமையல்காரர்களோடு வந்த பிரியாணி இது என்கிறார்கள். கறிக்குக் காசில்லாமல் உருளைக்கிழங்கு போட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கையில்லை. அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கும் ஒன்றும் மலிவில்லை. எப்படியோ, தட்டில் முதலில் தீர்ந்தது அதுதான்.

ஞாயிறு சித்தியின் நாள். தட்சிணேஸ்வரம்வரை மெட்ரோ போகிறது. ராணி ராஸ்மணி 1855-ல் கட்டிய காளி கோயில், ஆற்றோரமாக வரிசையாகப் பன்னிரண்டு சிவன் சன்னதிகள். வரிசை நீளம்தான், ஆனால் நகர்கிறது. அங்கிருந்து பேலூர் மடத்துக்கும் படகு உண்டு. மடம் மத்தியானம் மூடிவிடும் என்பதால் காலையிலேயே கிளம்புங்கள். விக்டோரியா நினைவகத்தை விமான நிலையம் போகிற வழியில், மஞ்சள் டாக்சி ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. மக்ரானா பளிங்கு வெள்ளையாகத்தான் இருந்தது.

குளிர்காலத்தில் போகிறவர்கள் நோலேன் குர் கேட்டு வாங்குங்கள். ஈச்ச மரத்துச் சாற்றில் காய்ச்சும் வெல்லம், புகை வாசனை தூக்கலாக இருக்கும். பாகாக விற்பது கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாமல் போகலாம், அச்சு வெல்லமாகக் கிடைக்கும் பட்டாலி வாங்கினால் கவலையில்லை. சித்தி ஒரு கிலோ வாங்கினார். வீட்டுக்கு வந்து அதில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, ருசி பார்த்து, தீர்ப்பும் சொல்லிவிட்டார்: நல்லாத்தான் இருக்கு, ஆனா கருப்பட்டி கருப்பட்டிதான்.