கம்ப்ரஸர் ப்ரஷரைக் குறைக்க நினைக்கும் ஜூனியர் இன்ஜினியருக்கு

ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஜூனியர் இன்ஜினியருக்கு வேலையும் உண்டு, பொறுப்பும் உண்டு. கையெழுத்துப் போடும் உரிமைதான் கிடையாது. மெஷின்களுக்கு அழுத்தக் காற்று தரும் கம்ப்ரஸர் ரூமை நாள் முழுக்கப் பார்ப்பவர் அவர். அதில் எத்தனை பார் (காற்று அழுத்தத்தின் அலகு) வைப்பது என்பதைச் சொல்பவர், உற்பத்தியைப் பார்க்கும் ஸ்பின்னிங் மாஸ்டர். செலவு என்று வந்துவிட்டால் ஜி.எம்., அக்கவுண்ட்ஸ், கடைசியில் எம்.டி. இந்த வரிசையில் கீழே நிற்கிற ஒருவர் மேலே எடுக்கும் முடிவை மாற்ற முடியுமா? முடியும். அதற்குப் பேச்சுத் திறமையை விட, யாருக்கு எதில் பயம் என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

பல மில்களில் ப்ரஷர் தேவைக்கு மேல்தான் ஓடுகிறது. என்றோ ஒரு நாள், நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின்களில் கடைசியில் இருப்பதில் ப்ரஷர் குறைகிறது என்று அலாரம் வந்திருக்கும். யாரோ அரை பார் ஏற்றியிருப்பார்கள். அலாரம் நின்றது, ஏற்றியது அப்படியே தங்கிவிட்டது. 7 பார் பக்கத்தில் ஒரு பார் குறைத்தால் கம்ப்ரஸர் மின்சாரம் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் குறைப்பதில்லை? குறைத்து ஒரு மெஷின் நின்றால் திட்டு வாங்குவது மாஸ்டர். கரண்ட் மிச்சமானால் பெயர் எலெக்ட்ரிக்கலுக்கு. அந்த நிலையில் எந்த மாஸ்டரும் ‘சரி’ என்று சொல்ல மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. இதை மாற்றாமல் எத்தனை எக்செல் ஷீட் காட்டினாலும் வேலை நடக்காது.

அதனால் ப்ரஷரில் தொடங்காதீர்கள். காற்றுக் கசிவில் தொடங்குங்கள். கசிவை அடைக்கக் கூடாது என்று மில்லில் ஒருவரும் சொல்லப் போவதில்லை.

வார விடுமுறையில் மெஷின்கள் நின்றிருக்கும்போது லைனை மூடாமல் ஒரு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். யாரும் காற்று எடுக்காதபோதும் அது லோடு ஆகும் (காற்றை அழுத்தித் தரும்), பிறகு அன்லோடு ஆகும் (காற்றை அழுத்தாமல் சுழல மட்டும் செய்யும்). லோடு நேரத்தையும் அன்லோடு நேரத்தையும் ஐந்து சுற்றுக்குக் குறித்துச் சராசரி எடுங்கள். லோடு 90 வினாடி, அன்லோடு 210 வினாடி என்றால், 90-ஐ 300-ஆல் வகுக்க 30 சதவீதம். அந்தக் கம்ப்ரஸர் தரும் காற்றில் அவ்வளவு வீணாகப் போகிறது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல பராமரிப்பு. 20, 30 என்று வருவது அபூர்வம் இல்லை.

ஸ்டாப்வாட்சை நீங்கள் பிடிக்காதீர்கள். எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசரிடம் கொடுங்கள். மாஸ்டரின் ஆள் ஒருவர் நோட்டில் எழுதட்டும். நீங்கள் தனியாக எடுத்த 30 சதவீதம் உங்கள் அபிப்பிராயமாகத்தான் தெரியும். மூன்று டிபார்ட்மென்ட் சேர்ந்து எடுத்த 30 சதவீதத்தை மீட்டிங்கில் யாரும் மறுக்க மாட்டார்கள். இதற்கு மாஸ்டரிடம் அனுமதி கேட்கும்போது, “சார், லைன்ல எவ்வளவு போகுதுன்னு ஒரு மணி நேரம் பார்க்கலாமா? உங்க ஆளு ஒருத்தர் கூட இருந்தா நல்லது” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ப்ரஷர் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

அடுத்தது ரூபாய்க் கணக்கு. இளம் இன்ஜினியர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். லோடில் 60 கிலோவாட் இழுக்கும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் என்று வைத்துக்கொள்வோம். கசிவை 30-இலிருந்து 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 60-இல் 20 சதவீதம், அதாவது 12 கிலோவாட் மிச்சம் என்று எழுதிவிடுவார்கள். ஆண்டுக்கு 8,000 மணி நேரம், யூனிட் 7 ரூபாய் என்று போட்டால் 6,72,000 ரூபாய் வரும். ஆனால் லோடு-அன்லோடு முறையில் ஓடும் கம்ப்ரஸர் அன்லோடில் சும்மா இருப்பதில்லை. லோடில் இழுப்பதில் 30 சதவீதம் போல அப்போதும் இழுக்கும். ஆகவே உண்மையான மிச்சம் 12-இல் 70 சதவீதம், 8.4 கிலோவாட். ஆண்டுக்கு 67,200 யூனிட், 4,70,400 ரூபாய். முதல் கணக்கைக் கொடுத்துவிட்டு மீட்டரில் இரண்டாவது கணக்கு வந்தால், அக்கவுண்ட்ஸ் மேனேஜர் உங்களுடைய அடுத்த பேப்பரைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். பதவி இல்லாதவருக்கு நம்பிக்கைதான் கைமுதல். 4,70,400 என்று வந்தால் பேப்பரில் 4 லட்சம் என்றே எழுதுங்கள்.

கசிவு தேடக் கிளம்பும் முன் சாமான் கையில் இருக்க வேண்டும். பி.யு. டியூப், புஷ் ஃபிட்டிங், குவிக் கப்ளிங், டெஃப்லான் டேப், எஃப்.ஆர்.எல். யூனிட்டின் (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் சேர்ந்தது) அடி டிரெயினுக்கு வாஷர் என்று ஒரு சின்ன இண்டென்ட் போட்டு முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். லைனில் சேரும் தண்ணீரைத் தானாக வெளியேற்றும் ஆட்டோ டிரெயின் வால்வு திறந்தே மாட்டிக்கொண்டால், அது ஒன்றே பல சின்னக் கசிவுகளுக்குச் சமம். அதை முதலில் பாருங்கள். 3 மி.மீ. ஓட்டை 7 பாரில் நிமிடத்துக்குச் சுமார் 0.6 கன மீட்டர் காற்றை விடும். அதற்குக் கம்ப்ரஸரில் 4 கிலோவாட் அளவுக்குப் போகும். மெஷின் சத்தத்தில் காது உதவாது. சோப்புத் தண்ணீரோ அல்ட்ராசோனிக் டிடெக்டரோ வேண்டும். கண்டுபிடித்த இடத்தில் எண் போட்ட டேக் கட்டுங்கள், அடைத்ததும் கழற்றுங்கள். சாமான் இல்லாமல் டேக் மட்டும் ஒரு மாதம் தொங்கினால், “அதுவா, அது அப்படித்தான்” என்று ஷிஃப்டில் பேச்சு வந்துவிடும். பிறகு அதை உயிர்ப்பிப்பது கஷ்டம். அடைத்த ஃபிட்டரின் பெயரை ரிப்போர்ட்டில் எழுதுங்கள். ஃபிட்டர் அண்ணன்கள் உங்கள் பக்கம் இருந்தால் நைட் ஷிஃப்டிலும் வேலை நடக்கும்.

கசிவு குறைந்த பிறகுதான் ப்ரஷர் பேச்சு. அப்போதும் மாஸ்டரிடம் தனியாக, அவருடைய இடத்தில், மீட்டிங்குக்குச் சில நாள் முன்பே. “எத்தனை பார் குறைக்கலாம் சார்?” என்று கேட்காதீர்கள். “குறைச்சா எதுல சார் முதல்ல அடி விழும்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஸ்பிளைஸ், அதாவது அறுந்த நூல் முனைகளைக் காற்றால் பின்னிச் சேர்க்கும் இணைப்பு என்பார். காற்று போதாவிட்டால் நூல் முனைகள் சரியாகப் பின்னாமல் ஸ்பிளைஸ் பலம் குறையும், நிட்டிங்கில் அறுந்து புகார் வரும். அது நியாயமான பயம். அப்படியானால் கியூ.சி. லேபில் எதை அளப்பது, எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிறுத்துவது என்பதை அவரே சொல்லட்டும். அதைத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். சோதனை முடிந்த பிறகு அளவுகோலைப் பேசினால் அது சண்டையாகும்.

சோதனையில் ஒரு தடவைக்கு 0.2 பார் போதும். மூன்று ஷிஃப்டும் ஓடிப் பார்த்த பிறகே அடுத்த 0.2. கம்ப்ரஸர் பேனலில் லோடு ப்ரஷர், அன்லோடு ப்ரஷர் என்று இரண்டு எண் இருக்கும். இரண்டையும் சேர்த்தே இறக்குங்கள். “7 பார்ல ஓடுது” என்று மொட்டையாகச் சொன்னால் ஒருவர் 6.5-ஐ நினைப்பார், இன்னொருவர் 7.2-ஐ நினைப்பார். அளப்பதும் கம்ப்ரஸர் ரூமில் அல்ல, கடைசி ஆட்டோகோனரின் கேஜில். அங்கே மட்டும் அரை பார் குறைகிறது என்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, பைப் சின்னதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் செட்டிங்கை இறக்கினால் தோற்பது சோதனை மட்டுமல்ல, அந்த யோசனையே பல வருஷத்துக்குச் செத்துப்போகும்.

இன்னொன்றையும் மாஸ்டருக்கு விட்டுக்கொடுங்கள். பிரச்சினை வந்தால் ஷிஃப்ட் சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் பழைய ப்ரஷருக்கு ஏற்றிக்கொள்ளலாம், நேரத்தை மட்டும் குறித்து வைத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிரேக் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர் வண்டியை ஓட விடுவார்.

அக்கவுண்ட்ஸுக்கு ஈ.பி. பில்லைக் காட்டாதீர்கள். உற்பத்தி, கவுண்ட் (நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் எண்), வெயில் எல்லாம் மாறும்; பில்லில் உங்கள் 8 கிலோவாட் காணாமல் போகும். கம்ப்ரஸருக்குத் தனி எனர்ஜி மீட்டர் வைத்து, முன்னால் இரண்டு வாரம், பின்னால் இரண்டு வாரம், ஏறக்குறைய அதே கவுண்ட் ஓடும்போது எடுங்கள். ஆடிட்டர் புரிந்துகொள்ளும்படி ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்று, அதாவது 40-ஆம் கவுண்டுக்கு மாற்றிய யு.கே.ஜி.யாகவும் கொடுங்கள்.

எம்.டி.க்கு ஒரே பக்கம். என்ன கேட்கிறோம், எவ்வளவு செலவு, எத்தனை மாதத்தில் திரும்பும், யார் யார் பார்த்துச் சரி என்றார்கள், சரிவராவிட்டால் எப்படிப் பழைய நிலைக்கு வருவது. முடிந்தால் அந்தப் பேப்பரை மாஸ்டரே மேசையில் வைக்கட்டும். பெயர் அவருக்குப் போவதில் உங்களுக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் ரிஸ்க் எடுத்தவர் அவர். அவர் சொல்லும்போது எம்.டி. கேட்கும் தோரணையே வேறு. மீட்டிங்கில் புதிய எண் எதையும் எடுத்து விடாதீர்கள். முன்கூட்டிக் காட்டாத எண்ணைப் பார்த்ததும் ஒருவர் “இதை நான் பார்க்கலையே” என்பார், விஷயம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

எண்களிலேயே தகராறு என்றால் சிட்ரா (கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) போன்ற வெளி அமைப்பின் எனர்ஜி ஆடிட் உதவும். ஆனால் அதை மாஸ்டரை மடக்கும் ஆயுதமாக மட்டும் கொண்டுவராதீர்கள். வெளி ஆள் ரிப்போர்ட்டில் தன் பெயர் மோசமாக வந்தால், அதன்பிறகு நீங்கள் கேட்கும் எதற்கும் ‘பார்க்கலாம்’ என்ற பதில்தான் கிடைக்கும். எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-இன் கீழ் வரும் பெரிய மில்களில் எனர்ஜி மேனேஜர் என்று ஒருவர் இருப்பார். அவரிடமும் பரிந்துரை செய்யும் வேலைதான் அதிகம், ஆணையிடும் அதிகாரம் குறைவு. அவரை முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘இப்ப வேண்டாம்’ என்று பதில் வந்தால் காரணத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். ஏற்றுமதி ஆர்டர் அவசரமா, புது ஆட்டோகோனர் வரப்போகிறதா, பணம் இல்லையா என்பதைப் பொறுத்து அடுத்து எப்போது கேட்பது என்று தெரியும். சரி என்று வந்தால் புதிய செட்டிங்கையும் ஒப்புக்கொண்டவர்கள் பெயரையும் பேனல் பக்கத்தில் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஸ்டாப்வாட்ச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அடைத்த கசிவு இடம் மாறி மறுபடி வரும். அப்போது மறுபடியும் யாராவது அரை பார் ஏற்றுவார்கள்.