0.11 வினாடியில் தோற்றோம்

வாரம் முழுக்கச் சுங்கை சிப்புட் தோட்டத்தில் உரமூட்டை ஏற்றும் அதே ஹைலக்ஸ் பிக்கப்தான். மட்கார்டில் செம்மண்கூட போகவில்லை. நேற்று செப்பாங் பந்தயத் தடத்தில், இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் மோதும் டிராக் ரேஸில், 402 மீட்டரைத் தம்பி 16.8 வினாடியில் ஓட்டினான். பக்கத்து லேன்காரருக்கு 17.1. ஆனாலும் முதலில் முடிவுக் கோட்டைத் தொட்டது அவர்தான்!

காரணம் ரியாக்‌ஷன் டைம். பச்சை விளக்கு எரிந்ததிலிருந்து முன்சக்கரம் தொடக்கக் கோட்டை விட்டு நகரும்வரை ஆகும் நேரம். ஓட்ட நேரத்தில் இது சேராது. சக்கரம் நகர்ந்த பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓடும். தம்பிக்கு 0.62, அவருக்கு 0.21. கூட்டிப் பாருங்கள்: 17.42, 17.31.

பச்சைக்கு முன் மஞ்சள் விளக்குகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அரை வினாடி இடைவெளியில் எரியும். தம்பியின் வலது முழங்கால் நடுங்கியதைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே பார்த்தேன். பச்சையைக் கண்ட பிறகுதான் மிதித்தான். டீசல் டர்போ மூச்சு பிடிக்க நேரமெடுக்கும். மூன்றாவது மஞ்சளிலேயே கிளம்பியிருக்க வேண்டும்.

"அண்ணே, பி10 டீசலுக்குப் பதிலா பி7 ஊத்தியிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றான். இல்லடா தம்பி. பி10 டீசலில் 10 சதவீதம்வரை செம்பனை எண்ணெயில் செய்த பயோடீசல், பி7இல் 7. அந்த வித்தியாசத்தில் கூடும் சக்தி மிகக் கொஞ்சம். நாம் வெட்டும் குலையும் அந்த டேங்கில் இருக்கலாம் என்பதில் எனக்குப் பெருமைதான்.

இன்று ராத்திரியிலிருந்து டார்ச் லைட்டை வைத்து அவனுக்குப் பயிற்சி. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.