கத்திரி வெயிலில் ஏரிக்கரை வீடு

மே 4, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, சென்னை காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது, அதனால் வீட்டுப் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. நானும் மச்சானும் பங்கு போட்டு, ஏரியைப் பார்த்தாற்போல ஒரு சின்ன வீடு. லீவு நாளில் பிள்ளைகளோடு போய்க் கிடக்க. ஏற்காடு, கொடைக்கானல் எல்லாம் நம் பட்ஜெட்டுக்குக் கிட்டவே வராது.

முதலில் செங்குன்றம் பார்த்தோம். ‘லேக் வியூ’ மனையாம், மொட்டைமாடி கட்டி அதில் ஏறி எட்டிப்பார்த்தால் வியூ உண்டு. அங்கே இருக்கிற புழல் ஏரி 1876-இல் கட்டியது, 3300 மில்லியன் கன அடி, ஊரே குடிக்கிற தண்ணீர். அதில் யாரையும் கால் நனைக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. மனை இருந்ததோ உபரிக் கால்வாய்ப் பக்கம். புழலைத் திறந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று மணலியில் சொந்தக்காரர்களை வைத்திருக்கிற எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

மே 11, ஞாயிறு

பழவேற்காடு. தண்டையார்பேட்டையில் ரயிலேறி பொன்னேரி, அங்கிருந்து பஸ். பூநாரை பார்க்க வரும் கூட்டமெல்லாம் மார்கழி, தையோடு சரி, இந்த வெயிலில் ஒரு கார்கூட இல்லை. ஜனவரியில் போனையே எடுக்காத வீட்டுக்காரர் இப்போது தானே வந்து சாவியோடு நிற்கிறார். 32 லட்சம் சொன்னவர், நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே 28-க்கு இறங்கிவிட்டார்.

“வாசல்ல கால வெச்சா ஏரிண்ணே” என்றார் புரோக்கர். வாசலில் கால் வைத்தேன், வெடித்த சேறுதான் இருந்தது, தண்ணீர் எங்கேயோ அந்தாண்ட மின்னுகிறது. கோடையில் ஏரி வற்றி உள்வாங்கிவிடும், முகத்துவாரத்தை மணல் அடைத்தால் கடல்நீரும் வராது. “மழை வந்தா வந்துடும்ணே.” எதுவரைக்கும் வரும் என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை.

பக்கத்து வீட்டு ஆயா சொன்னார். மிக்ஜாமுக்கு (2023 டிசம்பர்) இந்தத் தெருவில் இடுப்பளவாம். சுவரைப் போய்ப் பார்த்தால் கீழே இடுப்பு உயரம் வரை ஒரு பெயின்ட், மேலே வேறு பெயின்ட். வீட்டுக்காரர் “டிசைன் சார்” என்கிறார்!

போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தேன், உப்பு. கோடையில் வீடு பார்ப்பதில் இது ஒரு லாபம், தண்ணீர் எவ்வளவு மோசமாகப் போகும் என்பது இப்போதே தெரிந்துவிடுகிறது. சன்ஷேடில் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உப்பியிருக்கிறது, மச்சான் சாவியால் தட்டியதும் ஒரு வில்லை கழன்று விழுந்தது. உப்புக்காற்று ஊரில் இது இல்லாத வீடு கிடைக்காது, ஆனால் விலையில் குறைக்கலாம்.

மே 16, வெள்ளி

வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போட்டாயிற்று, சுத்தம். புரோக்கருக்கு அதோடு வேலை முடிந்தது. வில்லங்கத்தில் பதிவான பத்திரங்கள்தான் வரும், நிலம் புறம்போக்கா என்பதை அது சொல்லாது. அதனால் பட்டா, புல வரைபடம், அ-பதிவேடு (எது பட்டா நிலம், எது புறம்போக்கு என்று சொல்லும் கிராமப் பதிவேடு) மூன்றையும் எடுத்து ராத்திரி டைனிங் டேபிளில் விரித்தோம். பட்டாவில் இருக்கிற பரப்பு, வேலி போட்டிருக்கிற இடத்தைவிடச் சின்னது. மனைவிதான் ஸ்கேல் வைத்து அளந்தாள். மிச்சம் ஏரிப் பக்கம், புறம்போக்கு. அந்தப் பக்கத் திண்ணை, ஊஞ்சல், ஷீட் கூரை எல்லாமே அதன்மேல். அதாவது எந்தத் திண்ணைக்காக இவ்வளவு காசு கேட்கிறார்களோ அந்தத் திண்ணை பத்திரத்திலேயே வராது.

கடல்நீர் ஏறி இறங்கும் ஏரி என்பதால் கட்டடத்துக்குக் கட்டுப்பாடு போடுகிற கடலோர மண்டல விதியும் இங்கே உண்டு, பறவைகள் சரணாலயமும் இருக்கிறது. நாளைக்கு இடித்து மேலே மாடி எடுக்கலாம் என்று மச்சான் கனவு காண்கிறார். அதற்கு அனுமதி வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் எழுத்தில் கேட்பேன்.

ஜூன் 1, ஞாயிறு

வீட்டுக்காரர் 24-க்கு வந்துவிட்டார். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9 ரூபாய், 2 லட்சத்து 16 ஆயிரம் தனி. மச்சானுக்குக் கை பரபரக்கிறது. எனக்கோ, பட்டா இடத்துக்கு மட்டும் என்ன விலை என்று பேசினால் 18-ஐத் தாண்டத் தோன்றவில்லை, அதுவும் சர்வேயர் வந்து கல் நட்ட பிறகு.

புரோக்கர் சாயந்திரம் கூப்பிட்டு, வேறு பார்ட்டி டோக்கன் கொடுக்கத் தயாராம், நாளைக்குள் சொல்லணுமாம். மனைவி போனை வாங்கி, “குடுக்கட்டும்ணே. அவங்களும் வாங்கலைன்னா ஐப்பசியில மழை பிடிக்கிற அன்னிக்கு அந்த வாசலை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க, அப்புறம் அட்வான்ஸ் பேசலாம்” என்றாள். சரிம்மா என்று வைத்துவிட்டார். வேறு பார்ட்டி கதையை நான் நம்பவில்லை, மச்சான் நம்புகிறார்.